ஆபத்து ஆந்திரா பக்கம் போய்விட்டது

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருப்பதி ரைத்து பஜாரில், அதாவது உழவர் சந்தையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண்மணி வந்து நின்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் அம்மா. முகம் தெரியும், பெயர் தெரியாது.

"டீச்சர், நாளைக்கு மாடிக்கு கான்க்ரீட் போடறாங்க. மழை வராதில்ல?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவர் விடுவதாயில்லை. நீங்கள்தான் போனில் பார்த்துச் சொல்வீர்களே, பத்தியில்கூட எழுதினீர்களே என்றார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை... கைப்பைக்குள் போன் அடித்தது.

அவர் கைப்பையைப் பார்த்தார். நான் கத்தரிக்காயைப் பார்த்தேன். பொறுக்கியதை அப்படியே தராசுத் தட்டில் போட்டுவிட்டு, வாங்காமலே நடந்துவிட்டேன்.

பொய் சொல்கிற வயதா இது? ஐம்பத்துநாலு முடிந்துவிட்டது. ஆனால் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் ஐந்து மாடுகளின் கதையைச் சொல்ல வேண்டும். காய்கறிக் கடையில் நின்றுகொண்டு சொல்கிற கதையா அது? அதனால் இங்கே சொல்கிறேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் — இனிமேல் என்னிடம் மழையைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்.

பழைய வாசகர்களுக்கு என் ரேடார் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சுருக்கம்.

என் பெண் நித்யா சென்னையில் இருக்கிறாள். தரைத்தளத்து பிளாட். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழையில் அவள் வீட்டு ஹாலில் பிரிட்ஜ் மிதந்தது. அவளும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோடு மேல் வீட்டுக்காரர்கள் தயவில் மூன்று நாள் இருந்தார்கள். நான் திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு, எதுவும் தெரியாமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாட்களுக்குப் பிறகுதான் போனில் ஒரு வெதர் ஆப் போட்டேன். அதற்குள் ரேடார் படம் என்று ஒன்று இருந்தது.

பார்த்திருக்கிறீர்களா? எங்கோ உயரத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பந்துக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. அலையை அனுப்புகிறது. அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பி வருகிறது. எவ்வளவு திரும்பி வந்தது என்பதை வைத்து மேப்பில் கலர் அடிக்கிறார்கள். பச்சை என்றால் தூறல். மஞ்சள் என்றால் குடை. சிவப்பு என்றால் வீட்டுக்குள் இரு. அதற்கும் மேலே ஒரு கத்தரிப்பூ நிறம் உண்டு... அதைப் பார்த்தால் உடனே நித்யாவுக்குப் போன் போடுவேன்.

கணக்கு டீச்சருக்கு இது போதாதா? பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். இந்தப் படத்தில் மேகம் இங்கே, அடுத்த படத்தில் அங்கே. தூரம் தெரியும், நேரம் தெரியும், வேகம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? "இன்னும் நாற்பது நிமிஷத்தில் உங்கள் தெருவில் மழை" என்று நித்யாவுக்கு மெசேஜ் போடுவேன். முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் அவள் ஜன்னல் வழியே படம் எடுத்து அனுப்புவாள். வீட்டுக்காரர் மட்டும் மசியவில்லை. அடுப்பில் குழம்பு தீய்வது உன் ரேடாரில் தெரியாதா என்று கேட்டார்.

அப்புறம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு விஷயம் போனது. எனக்கு 'மழை டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். கல்யாணத் தேதியைக்கூட என்னைக் கேட்டுக் குறித்தவர்கள் உண்டு. பெருமை இல்லாமல் இருந்ததா? இருந்தது. நிறையவே இருந்தது.

என் பிறந்த ஊர் புங்கங்குப்பம். நகரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம், மலையடிவாரம். ஆந்திராதான். ஆனால் வீட்டுக்குள் தமிழ், டிவியில் தமிழ், கோபம் வந்தால் தமிழ். எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீஸிலும் சந்தையிலும் தெலுங்கு. இரண்டு பக்கமும் சரளமாகப் பேசிக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் அரைகுறையாக வாழ்கிறவர்கள் நாங்கள்.

போன கோடை விடுமுறையில் ஒரு வேலை செய்தேன். ஆன்லைன் மேப்பில் எங்கள் ஊரைத் தேடினேன். பெயரே இல்லை. அதனாலென்ன என்று, சாட்டிலைட் படத்தில் மலையை வைத்து, ஏரியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தேன். நானே ஒவ்வொன்றாகக் குறி வைத்தேன். மேல் ஏரி. கோயில். மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம். மேல் ஏரியிலிருந்து இறங்கி வரும் கால்வாய் — அதற்கு நீலத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டை ஒட்டி முனிரத்தினத்தின் மாட்டுக் கொட்டகை.

முனிரத்தினம் என் சித்தப்பா மகன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனுக்கு நிலம் கொஞ்சம், அதிலும் பாதி கல். வீடு நடந்ததெல்லாம் மாட்டில்தான். ஆறு மாடு. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை பால் வண்டி வரும். இரண்டு பெண்பிள்ளைகளும் அந்தப் பாலில்தான் நர்ஸிங் படிக்கிறார்கள்.

மேப்பை அவனுக்குக் காட்டினேன். நீலக் கோட்டையும் கொட்டகையையும் விரலால் தொட்டுக் காட்டி, பெரிய மழை என்றால் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும் என்று பாடமே நடத்தினேன். அவன் போனை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான். தன் கொட்டகை வானத்திலிருந்து பார்த்தால் இத்துனூண்டா என்று சிரித்தான்.

அவன் மாதிரி ஒரு மாணவன் எனக்குக் கிடைத்ததில்லை. நான் சொன்னால் செய்வான். மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் ஆறு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கட்டினான். மூன்று முறையும்... ஒன்றும் நடக்கவில்லை. ஒரு முறை தூறல். ஒரு முறை மேகம் கடலுக்கே திரும்பிப் போனது. மூன்றாவது முறை நல்ல வெயில்.

ஊரில் கிண்டல் ஆரம்பித்தது. மாடு மேய்க்கப் போனால், இன்னா முனிரத்தினம், அக்கா பர்மிஷன் கொடுத்துச்சா என்று கேட்டார்களாம். வராந்தாவில் சாணியைப் பார்த்த ஹெட்மாஸ்டர் ஒரு பிடி பிடித்துவிட்டார். "இதி படா, பசுவுல கொட்டமா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாராம். இது பள்ளிக்கூடமா, மாட்டுக் கொட்டகையா என்று அர்த்தம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சாணியை அள்ளியது தேவகி — முனிரத்தினத்தின் மனைவி. மூன்று முறையும் அவள்தான் வராந்தாவைக் கழுவிவிட்டாள். எனக்கு அது அப்போது தெரியாது.

இந்த ஐப்பசியில் வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தம். சென்னைக்குக் கனமழை என்று டிவியில் ஒரே அமர்க்களம். நித்யா பிரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமையே குரூப்பில் எச்சரிக்கை போட்டேன். முனிரத்தினம் திங்கட்கிழமை காலையில், நாலாவது முறையாக, மாடுகளை ஓட்டினான். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். அதனால் திட்டு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நல்ல செய்தி வந்தது. சென்னையில் மழை பார்த்துச் சொல்கிறவர்கள் எல்லோரும் எழுதியிருந்தார்கள். மேகக் கூட்டம் வடக்கே நகர்ந்துவிட்டது. தப்பித்தோம். டிவியைப் போட்டேன். தமிழகத்துக்கு ஆபத்து இல்லை, எல்லாம் ஆந்திரா பக்கம் போய்விட்டது என்று அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள். ஆப்பைத் திறந்தேன். ஓசி ஆப்... ஓர் ஊரைத்தான் சேமித்து வைக்க விடும். நான் சேமித்திருந்தது சென்னை. வட்டமாக ஒரு சூரியன் சிரித்தது.

நித்யா போன் செய்தாள். பிரிட்ஜைக் கீழே இறக்குகிறோம் அம்மா என்றாள். அவள் குரலைக் கேட்டதும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த வேகத்தில் குரூப்பில் தட்டினேன்: "கண்டம் தப்பியது. இனி பயமில்லை. ஆபத்து ஆந்திரா பக்கம் போய்விட்டது. முருகா." கூடவே மூன்று கும்பிடு.

எழுதியது யார்? திருப்பதியில் குடியிருக்கும் நான். அப்பாடா என்று படித்தது யார்? புங்கங்குப்பத்தில் இருக்கும் முனிரத்தினம். நாங்கள் இருவரும் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறோம்?

ஆந்திரா என்றால் அது எங்கோ வேறு யாரோ இருக்கிற இடம் என்று நினைத்துவிட்டேனே... ரேஷன் கார்டு ஆந்திரா, ஓட்டு ஆந்திரா, சம்பளம் ஆந்திரா. மழை மட்டும் தமிழ்நாட்டு மழை. எங்கள் ஊரே அன்று காலையில் தமிழ் டிவியைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கிறது. குரூப்பில் வரிசையாகக் கட்டைவிரல் தூக்கினார்கள். ஒருத்தருக்காவது உறைக்கவில்லை. எனக்கே உறைக்கவில்லையே.

எச்சரிக்கை வராமல் இல்லை. வந்தது. சர்க்கார் எஸ்.எம்.எஸ். எல்லோர் போனுக்கும் வந்தது, தெலுங்கில். முனிரத்தினம் தெலுங்கில் மாட்டு வியாபாரியை மடக்கிப் பேசுவான். படிக்கத் தெரியாது. அவன் படித்தது தமிழ் மீடியம். அந்த மெசேஜ் அவனுக்கு, லோன் வேண்டுமா என்று கேட்கும் மெசேஜ்களில் ஒன்று. சரி, எனக்கு? எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். முப்பது வருஷமாகப் படிக்கிறேன். கனமழை, தாழ்வான பகுதி என்ற வார்த்தைகள் கண்ணில் பட்டன. தினம் அனுப்புகிறார்கள், வேறு வேலையில்லை என்று தள்ளிவிட்டு, ரேடாருக்குப் போய்விட்டேன்.

காலை பத்து மணிக்கு முனிரத்தினம் மாடுகளைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்க் கொட்டகையில் கட்டினான். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். தேவகி வராந்தாவைக் கழுவினாள்.

திருப்பதியில் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. சாப்பாட்டு வேளை முடிந்து, பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது கை பழக்கத்தில் போனைத் திறந்தேன். சென்னைக்கு மேலே கண்ணாடி மாதிரி சுத்தம். விரலால் மேப்பை நகர்த்தி மெல்ல வடக்கே போனேன். மேற்கே போனேன்.

நகரிக்குப் பின்னால், மலைக்கு மேலே, கத்தரிப்பூ நிறம்.

முந்தைய படத்தைப் பார்த்தேன். அங்கேயே. அதற்கும் முந்தையது... அங்கேயே. மலையில் மாட்டிக்கொண்டு, நகராமல், கொட்டிக்கொண்டிருக்கிறது. ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரமாக ஒரே இடம்.

முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ஊரில் பத்து மணிக்கே கரண்ட் போயிருந்தது. தேவகிக்குப் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. குரூப்பில் போட்டேன். பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மூன்று மணிக்கு மேல் தேவகியின் நம்பரிலிருந்து முனிரத்தினம் பேசினான்.

"இங்க வெயிலு அடிக்குதுக்கா. ஒரு சொட்டு இல்ல. காலைல நீதான சொன்ன, பயம் இல்லன்னு?"

நான் மலையைச் சொன்னேன், கலரைச் சொன்னேன். மாடுகளை ஓட்டு என்றேன். அவன் சலித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவன் குணம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்.

"சரிக்கா. கறக்கற நேரம், இப்ப ஓட்டினா மடி கட்டிக்கும். வண்டி நாலு மணிக்கு வந்துடும். கறந்து ஊத்திட்டு ஓட்டிக்கினு போறனே?"

நான் போனைப் பார்த்தேன். அந்த நிறம் ஊரைப் பார்த்து நகர்கிறதா? இல்லை. மலைக்குள்ளே இருபது கிலோமீட்டர் தள்ளி, அசையாமல் நிற்கிறது. தூரம், நேரம், வேகம். வேகம் பூஜ்யம். பூஜ்ய வேகத்தில் எது எப்போது வந்து சேரும்? கணக்கு டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"சரி, கறந்துட்டுப் போ" என்றேன்.

மழைதான் நகரவில்லை. பெய்த தண்ணீர்? அது எங்கே போகும்? மேல் ஏரிக்குப் போகும். ஏரியிலிருந்து கால்வாய்க்கு வரும். அந்த நீலக் கோட்டை வரைந்ததே நான்தானே. என் கையால் வரைந்தேனே, அது எனக்கு ஞாபகம் வரவில்லையே... ரேடாரில் மழை தெரியும். தரையில் ஓடுகிற தண்ணீர் தெரியாது. இந்த ஒரு வரியை எந்தப் பிள்ளையாவது பரீட்சையில் எழுதாமல் விட்டிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தேவகியும் பக்கத்து நிலத்துக்காரரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்று மாடு கறந்தாகிவிட்டது. நாலாவதுக்கு முனிரத்தினம் உட்கார்ந்திருக்கிறான். தேவகி கேனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். வெயில்தான். மேல் ஏரிக் கரை உடைந்தது யாருக்கும் தெரியாது. சொல்ல ஆளில்லை. முதலில் கொட்டகைக்குள் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர் வந்தது. தொட்டி நிரம்பி வழிகிறது என்று நினைத்தானாம். எழுந்து பார்ப்பதற்குள் முழங்கால்.

ஜெர்சி மாடுகள் கயிற்றை மென்றுவிடுகின்றன என்று அவன் கழுத்துக்குச் சங்கிலி போட்டிருந்தான். வளையத்துக்குள் ஒரு கம்பியை நுழைத்து மாட்டுவது. கழற்ற வேண்டுமென்றால் சங்கிலி கொஞ்சம் தளர வேண்டும். மாடு ஓர் அடி முன்னால் வர வேண்டும். தண்ணீரைக் கண்டு மிரண்ட மாடு முன்னால் வருமா? பின்னால் இழுக்கிறது. சங்கிலி விண்ணென்று நிற்கிறது. கம்பி திரும்பவில்லை. ஒன்றைத் தள்ளிப் பார்த்து, அடுத்ததைத் தள்ளிப் பார்த்து, பெயர் சொல்லிக் கெஞ்சி... இடுப்பளவு வந்துவிட்டது.

செவலை என்று ஒரு கிழ மாடு. சாது. அதற்கு மட்டும் கயிறு. அரிவாளால் அறுத்துவிட்டான். அது போய்விட்டது. மறுபடியும் சங்கிலிகளுக்கே திரும்பினான். தேவகி ஓடி வந்து, பின்னாலிருந்து அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அவன் வரவில்லை. அவள் கையைக் கடித்திருக்கிறான். பக்கத்து நிலத்துக்காரர் வந்து இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அவனை மேட்டுக்கு இழுத்துப் போட்டார்கள்.

ஐந்து மாடுகளும் கத்தியது மேட்டில் கேட்டதாம். ரொம்ப நேரம் கேட்கவில்லையாம். அதுவரைக்கும் சந்தோஷம் என்று பக்கத்து நிலத்துக்காரர் என்னிடம் சொன்னார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ரேடாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிப்பூ சிவப்பானது, சிவப்பு மஞ்சளானது. மழை குறைகிறது, நல்லவேளை என்று நினைத்தேன். நாலரை மணிக்கு மேப்பில் எல்லாம் பச்சை. போனை வைத்துவிட்டு டீ குடித்தேன். டீ குடித்தேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

ரோடு திறந்ததும் வியாழக்கிழமை கிளம்பினேன். புத்தூர் வரை பஸ், அப்புறம் கிடைத்த வண்டி. கொட்டகை இருந்த இடத்தில் ஆறு கல்தூண்கள் நின்றன. வெட்டர்னரி டாக்டர் வந்து எழுதிக்கொண்டிருந்தார். ஜேசிபி குழி தோண்டியது. ஒவ்வொரு மாட்டையும் தூக்குவதற்கு முன்னால் சங்கிலியைக் கழற்ற வேண்டியிருந்தது. இப்போது சுலபமாகக் கழன்றது. முனிரத்தினம்தான் கழற்றினான். வேறு யாரையும் தொடவிடவில்லை.

அவன் என்னைத் திட்டுவான் என்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். திட்டவில்லை. அக்கா துன்னுச்சா கேளு என்று தேவகியிடம் சொன்னான்.

தேவகி கேட்கவில்லை. கையில் துணி சுற்றியிருந்தாள். கடித்த இடம். ரொம்ப நேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்கோ, அண்ணி?"

சும்மா இரு, அக்கா இன்னா பண்ணும் என்று முனிரத்தினம் அதட்டினான். அவள் மறுபடியும் குழிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் தலையை ஆட்டினேனா, இல்லையா என்று எனக்கே ஞாபகமில்லை.

ஆமாம் தேவகி. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மலைமேல் விழுந்த ஒவ்வொரு சொட்டையும் பார்த்தேன். எங்கள் கையில் இப்போது எல்லாம் இருக்கிறது. வானத்திலிருந்து படம், பத்து நிமிஷத்துக்கு ஒரு கலர், கொட்டகைக்கு ஒரு குறி. ஆனால் ஏரிக்கரையில் ஓர் ஆள் நின்று ஓடிவந்து சொல்ல ஏற்பாடு இல்லை. ஒரு சைரன் இல்லை. ஒரு மைக் இல்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒருத்தி பார்த்து என்ன ஆகப்போகிறது? முன்பெல்லாம் தெரியாமல் அழிந்தோம். இப்போது லைவாகப் பார்த்துக்கொண்டே அழிகிறோம். முன்னேற்றம்தான்.

அன்று ராத்திரிச் செய்தியில் நாங்கள் எங்கே என்று தேடினேன். தமிழ் டிவியில் சென்னை தப்பித்ததைப் பற்றிப் பேசினார்கள். தெலுங்கு டிவியில் வேறு பெரிய ஊர்களில் கார் மிதந்ததைக் காட்டினார்கள். ஐந்து மாடு எந்த மொழியிலும் செய்தி இல்லை. முனிரத்தினத்தின் மூத்த பெண் இந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்கிறாளாம். அதுவும் செய்தி இல்லை.

ஆறுதலாக ஏதாவது சொல்லி முடிப்பது என் வழக்கம். இந்த வாரம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வந்த அன்றே ஆப்பை அழித்துவிட்டேன். குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்காரர்கூடக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். குழம்பு தீயாமல் இருக்கிறது.

ரைத்து பஜாரில் கைப்பைக்குள் அடித்தது யார் போன் தெரியுமா? முனிரத்தினம்தான். வீட்டுக்கு வந்து திருப்பிக் கூப்பிட்டேன். இரண்டு வாரம் கழித்து முதல் தடவையாகப் பேசுகிறான்.

"இன்னொரு காத்தழுத்தம் வந்துகினு இருக்குதாமே. செவலை ஒண்ணுதான் மிச்சம். பாத்து சொல்லுக்கா. நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

நீ சொன்னால்தான் நம்பிக்கையாம். இதைவிட அவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பார்க்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? மறுபடியும் ஆப்பைப் போட்டேன். இந்த முறை சேமித்து வைக்கும் ஊரையாவது ஒழுங்காக வைப்போம் என்று, தமிழில் தட்டினேன். புங்கங்குப்பம். தெலுங்கில் தட்டினேன். இங்கிலீஷில், இரண்டு விதமான ஸ்பெல்லிங்கில் தட்டினேன். நீங்கள் தேடிய இடம் கிடைக்கவில்லை, உங்கள் பழைய ஊரையே காட்டுகிறோம் என்றது.

சென்னையில் நாளைக்கு நல்ல வெயிலாம்.